சார்பு அறிக்கையின் நகல்

பிப்ரவரி 3, செவ்வாய்

மாதந்தோறும் மேலிடத்துக்கு நான் அனுப்பும் பயண நாட்குறிப்பில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஆற்றிய பணி ஆகிய மூன்றும் மட்டுமே இடம்பெறும். தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஒருவருக்கு அதற்கு மேல் எழுத அனுமதியில்லை. எஞ்சியவற்றுக்கு இந்த நோட்டு.

காலை 10.15 மணிக்கு வெள்ளையம்மாள் வந்தார். கல்வராயன் மலைக்காரர். முப்பது வயது இருக்காது. அவருடைய கணவர் சடையன், குழந்தைவேலுவின் சேகோ ஆலையில், ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு நவம்பரில் இறந்தார். அப்படியொருவர் எங்களிடம் வேலை செய்யவே இல்லை என்று ஆலையில் வாயால் சொல்கிறார்கள். அதையே எழுத்தில் சொல்வதற்கு, வெள்ளையம்மாளின் இழப்பீட்டு மனு மீதான துணை ஆணையரின் விசாரணை அறிவிப்பை அவர்கள் முதலில் பெற்றாக வேண்டும். பெற மறுக்கிறார்கள்.

மூன்று பதிவுத் தபால்கள் திரும்பியுள்ளன. மூன்றின் மேலும் ‘கதவு பூட்டியுள்ளது’ என்ற குறிப்பு. ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதியிருந்தால் அதுவே சார்பு ஆனதாகக் கொள்ளப்படும். இந்த வேறுபாடு குழந்தைவேலுவுக்குத் தெரியும். தபால்காரருக்கும் தெரியும்.

“சார்பு, சார்புன்னே சொல்றீங்களே, அப்படின்னா என்னங்க சார்?”

“நோட்டீஸை உரியவர்கிட்ட சட்டப்படி சேர்க்கறதும்மா.”

“இம்புட்டுதானா? இங்க குடுங்க. நான் போயி அவன் மூஞ்சியில எறிஞ்சிட்டு வரேன்.”

மனுதாரரே சார்பு செய்ய இயலாது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. என் மேசையிலிருந்த தாள்குத்தியைப் பார்த்தபடியே சொன்னார்: “மலைக்கு நேந்து வளத்த முடி சார். அதுதான் முதல்ல மாட்டுச்சாம். பெல்ட்டு உள்ள இழுத்திருச்சு. வெள்ளையா மாவுப்பால் வர்ற குழாயில செவப்பா வந்துச்சாம். அப்பவும் நிறுத்தல. செவந்ததை மட்டும் வாளியில புடிச்சு வெளிய ஊத்திட்டு, மறுபடி ஓட்டுனாங்களாம்.”

மனுவில் இது இல்லை. சேர்க்கச் சொன்னேன்.

விசாரணை நாள் மார்ச் 10. கிழங்குப் பருவம் அம்மாதத்தோடு முடிகிறது. ஆலையை மூடினால், சடையனோடு வேலை செய்தவர்கள் மலையேறிவிடுவார்கள். இயந்திரத்தையும் கழற்றி விற்றுவிடுவார்கள். அதற்குள் அறிவிப்பு சார்பு செய்யப்பட வேண்டும். நேரில் சென்று செய்யுமாறு துணை ஆணையர் எனக்கு உத்தரவிட்டுள்ளார்.

பிப்ரவரி 5, வியாழன்

அலுவலக உதவியாளர் துரைக்கண்ணுவுடன் காலை 11.20க்கு ஆலையை அடைந்தேன். குழந்தைவேலு உள்ளே அமர்ந்திருப்பது சன்னல் வழியே தெரிந்தது. வாயிலுக்கு வந்தவர் அவருடைய மகன் செழியன்.

“அப்பா ஊர்ல இல்ல.”

“அந்த நாற்காலியில உக்காந்திருக்கறது யாருங்க?” என்றார் துரைக்கண்ணு.

செழியன் அவரை அறைந்தான். ஒரே அறை. துரைக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டு மாவு படிந்த தரையில் உட்கார்ந்தார். விரலிடுக்கில் இரத்தம் வந்தது. நான் நீட்டிய அறிவிப்பைச் செழியன் நான்காகக் கிழித்து என் சட்டைப் பைக்குள் திணித்தான். திணித்த கையாலேயே என் மார்பில் குத்தினான். கம்பிக் கதவில் என் பின்தலை மோதியது.

ஆலை உரிமத்தில் செழியனின் பெயர் இல்லை. ஆகவே அவன் கிழித்தது உரியவரின் மறுப்பு ஆகாது.

திரும்பும் வழியில் துரைக்கண்ணு கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். “எடுக்கணும்னு டாக்டர் ஒரு வருஷமா சொல்லிட்டிருந்த பல்லு சார். சின்ன மொதலாளி ஊசி போடாமயே எடுத்துட்டாரு.” சிரிக்க முயன்றார், வலித்திருக்க வேண்டும். வரும் ஜூனில் அவருக்கு ஓய்வு.

பயண நாட்குறிப்பில் எழுதியது: ‘சார்பு செய்ய இயலவில்லை. இடையூறு.’

பிப்ரவரி 9, திங்கள்

உரியவரைக் கண்டு கொடுக்க முடியாதபோது, அவருடைய தொழிலிடத்தில் எல்லோர் பார்வைக்கும் படும்படி ஒட்டிச் சார்பு செய்யலாம். அதற்கு அலுவலகத்தைச் சாராத இரண்டு சாட்சிகள் வேண்டும்.

தேநீர்க்கடைக்காரர் தமக்குக் கண் தெரியாது என்றார். சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார். மளிகைக்கடைக்காரர் கடையைச் சாத்தினார். ஆலைக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் மாரப்பன் என் மொபெட்டின் பின்சக்கரத்தில் ஆணி இருப்பதைத் தூரத்திலிருந்தே கண்டு, கேளாமலே கழற்றத் தொடங்கினார். நாற்பது வயதிருக்கும். வேலை நேரத்தில் பேச்சு நிற்காது.

“ஏன் சார், அவங்க லாரிக்குத்தான் நான் ஒட்டுப் போடறேன். அவங்களுக்கு எதிரா ஒரு கையெழுத்தும் போடணும்கறீங்க.”

“எதிராக அல்ல. ஒட்டியதைப் பார்த்தேன் என்று மட்டும்.”

“சடையன் இங்கதான் சார் பீடி பத்த வைப்பான். தலையில துண்டைக் கட்டுடான்னா கேக்கமாட்டான்.” டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தார். “போடறேன். என் கையெழுத்து நல்லா இருக்கும், பாருங்க.”

இரண்டாம் சாட்சியாக, கிழங்கு இறக்கிவிட்டுப் புறப்படவிருந்த ஆந்திர லாரி ஓட்டுநர் ஒருவர் கிடைத்தார். என்ன தாள் என்றுகூடக் கேட்கவில்லை.

கதவெங்கும் மாவுத்தூசி. அலுவலகக் கோந்தில் ஒட்டிய அறிவிப்பு மும்முறை கீழே விழுந்தது. உள்ளிருந்து சிரித்தார்கள். மாரப்பன் சாலையைக் கடந்து வந்தார்.

“மாவு மேல கோந்து நிக்குமா சார்? நகருங்க.” கதவை உப்புத்தாளால் தேய்த்து, டயர் சொல்யூஷனைத் தடவி, ஊதி, காயவிட்டு, அறிவிப்பை வைத்து உள்ளங்கையால் அறைந்தார். “இனி கதவு போனாத்தான் இது போகும்.”

நண்பகல் 12.35க்குச் சார்பு முடிந்தது. அறிக்கைப் படிவத்தின் பதினொரு கட்டங்களையும் அங்கேயே நிரப்பினேன். ஒன்பதாம் கட்டம், ஒட்டப் பயன்படுத்திய பொருளும் அதை வழங்கியவரும்: ‘டயர் சொல்யூஷன், வழங்கி ஒட்டியவர் முதல் சாட்சி மாரப்பன், தந்தை பெயர் பெருமாள், ஆலைக்கு எதிரே பஞ்சர் கடை, வீடு கடையின் பின்புறம்.’ உண்மையிலேயே அழகான கையெழுத்து. கடைசி எழுத்தின் கீழே ஒரு சுழி.

பிப்ரவரி 10, செவ்வாய்

அறிக்கை துணை ஆணையருக்கு அனுப்பப்பட்டது. விதிப்படி ஒரு நகல் எதிர்மனுதாரருக்கு, சாதாரணத் தபாலில்.

பிப்ரவரி 14, சனி

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். குடைக்குக் கம்பி மாற்றினேன். பின்சக்கரத்தில் காற்று குறையவேயில்லை.

ஆலைக் கதவைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கதவையே கழற்றிப் புதியது மாட்டிவிட்டார்களாம். துரைக்கண்ணு சொல்லிச் சிரித்தார். முன்பல் இடைவெளி தெரிந்தது. நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நேற்றுப் பிற்பகல் மூன்று மணியளவில் செழியனும் மூவரும் மாரப்பனின் கடைக்குள் நுழைந்திருக்கிறார்கள். டியூபுக்கு ஒட்டுப் போடும் சூட்டு அச்சு கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவருடைய வலது கையை அதற்குள் வைத்துத் திருகியிருக்கிறார்கள்.

சேலம் அரசு மருத்துவமனையில் சேர்த்துள்ளனர்.

சாட்சியின் பெயர் அவர்களுக்கு எவ்வாறு தெரிந்தது என்பது விசாரிக்கப்பட வேண்டியது. பட்டப்பகலில் சாலையோரம் ஒட்டியதை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலை 11.30க்குத் தீக்காயப் பிரிவை அடைந்தேன். மாரப்பன் மயக்க மருந்தில் இருந்தார். மணிக்கட்டுக்குக் கீழே ஒரே துணிப்பொதி. நான்கு விரல்களும் உள்ளங்கையோடு வெந்து ஒன்றாகிவிட்டன என்று செவிலியர் கூறினார்.

அவருடைய மனைவி பழனியம்மாள் கட்டிலருகே நின்றிருந்தார். நான் யாரென்று சொன்னேன்.

“நீங்கதானா ஏகாம்பரம்?”

பெயரைச் சொல்லும்படி நான் அறிமுகம் செய்துகொள்ளவில்லை. பதவியை மட்டுமே சொல்லியிருந்தேன்.

“ஒரு திருகு திருகுவான். நிறுத்துவான். பேப்பர்ல ஒரு வரி படிப்பான். ‘வழங்கி ஒட்டியவர் முதல் சாட்சி மாரப்பன்.’ இன்னொரு திருகு. ‘வீடு கடையின் பின்புறம்.’ அதைப் படிச்சதும் ஒருத்தன் பின்னாடி வந்து என்னை முடியைப் புடிச்சு இழுத்தாந்தான், நானும் பாக்கணும்னு. கறி வேகற வாசன சார். நான் பாத்தேன். கடைசியா ‘ஒப்பம், ஏகாம்பரம்’னு படிச்சான். எங்க மாமனார் பேரெல்லாம் எதுக்குய்யா எழுதுன?”

அவர் கையில் கஞ்சித் தூக்கு இருந்தது. அதனால் என் நெற்றியில் அடித்தார். மறுமுறையும் அடித்தார். காவலர் பிடித்து விலக்கினார். “விடுங்க” என்றேன். நேரம் 11.40.

நெற்றியில் மூன்று தையல். எப்படி நேர்ந்தது என்று மருத்துவர் கேட்டார். கதவு என்றேன்.

பிப்ரவரி 18, புதன்

விடுப்பு. சட்டத்தையும் விதிகளையும் அலுவலக நடைமுறை நூலையும் இணைப்புகளோடு முழுவதும் படித்தேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மீண்டும் படித்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

அறிக்கையின் நகலை எதிர்மனுதாரருக்கு அனுப்ப வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

பதினொரு கட்டங்கள் கொண்ட அந்தப் படிவமும் எதிலும் இல்லை. அது என் படிவம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒட்டிய அறிவிப்பு காற்றில் விழுந்துவிட்டதாக ஒரு வழக்கறிஞர் வாதிட்டு வென்றபோது, இனி எவரும் அப்படி வாதிடக் கூடாதென்று நான் வரைந்தது. ஒன்பதாம் கட்டம் அப்போது தோன்றியதுதான். நகல் அனுப்புவதும் அப்போது தொடங்கியது: நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்பதை எதிர்த்தரப்பும் காணட்டும் என்று.

இந்த மாதம் பத்தாம் தேதிக் குறிப்பில் ‘விதிப்படி’ என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

உதவி ஆய்வாளர் நிலையிலுள்ள காவல் அதிகாரி ஒருவரும் நானும் பழனியம்மாளும் கடையைத் திறந்தோம். அச்சின் இரும்புத் தகட்டில் தோல் காய்ந்து ஒட்டியிருந்தது.

கடையின் உள்பலகையில் என் அறிக்கை நகல் ஒட்டப்பட்டிருந்தது. படித்து முடித்ததும் செழியன் கேலிக்காக அங்கே ஒட்டிச் சென்றிருக்கிறான், மாரப்பனின் சொல்யூஷனாலேயே. பிறகு யாரோ வந்து சுரண்டிப் பார்த்த தடம் ஓரங்களில் இருந்தது. கிழிந்தது ஓரம்தான்; தாள் வரவில்லை. நெருப்பு வைக்க எண்ணியிருக்கலாம். பக்கத்துக் கடைகளில் ஆள் இருந்ததால் விட்டிருக்க வேண்டும்.

நகலின் இடப்பக்க ஓரத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு: ‘யார் இந்த மாரப்பன்? செழியா, இன்றே பார்.’ கீழே ஒரு சுருக்கொப்பம். ஆலை உரிம விண்ணப்பங்களில் பதினைந்து ஆண்டுகளாக நான் பார்த்துவரும் சுருக்கொப்பம் அது. குழந்தைவேலுவினுடையது.

“பேப்பரை எடுத்துடலாமா?” என்றார் காவல் அதிகாரி.

“வராதுங்க” என்றார் பழனியம்மாள். “பலகையோட அறுங்க.”

ரம்பத்தை அவரே எடுத்து வந்தார். என்னிடம் தரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

விசாரணை. ஆலையின் வழக்கறிஞர், சார்பு நடக்கவேயில்லை என்று சொல்வதற்காக மட்டுமே வந்திருப்பதாகப் பதிவு செய்யக் கோரினார். கதவில் எதுவும் ஒட்டப்படவில்லை. ஆலைக்கு எந்தத் தாளும் வரவில்லை. லாரி ஓட்டுநர் என்று ஒருவர் இருப்பதாகத் தெரியவில்லை. என்னிடம் புகைப்படம் உண்டா என்று கேட்டார். இல்லை. என் படிவத்தில் புகைப்படத்துக்குக் கட்டம் இல்லை.

“முதல் சாட்சியின் கையெழுத்தே பொய். அவர் இங்கே கையெழுத்திட்டுக் காட்டட்டும், ஒப்பிடலாம்.”

மாரப்பன் எழுந்தார். பத்து கிலோ குறைந்திருப்பார். துணிப்பொதியை மேசை மீது வைத்தார்.

“கட்டை அவுக்கட்டுமாங்க ஐயா? பேனாவை எதுல சொருகணும்னு வக்கீல் சாரே சொல்லட்டும்.”

பின்வரிசையில் செழியன் சிரித்தான். முன்ஜாமீனில் இருக்கிறான். வெள்ளையம்மாள் அவன் மேல் பாய்ந்தார். நகங்கள் அவன் கன்னத்தில் நான்கு கோடுகள் இழுத்தன. அவன் அவருடைய தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். காவலர் இருவர் பிரித்தனர். என் கையில் தாள்துளைப்பான் இருந்தது, இரும்பு. அதை எடுத்துக்கொண்டு இரண்டடி நடந்திருந்தேன். துரைக்கண்ணு என் மணிக்கட்டைப் பிடித்து, “குடுங்க சார், அது ஆபீஸ் பொருள்” என்றார்.

அமைதியான பின் துணை ஆணையர் என்னை அழைத்தார். காவல் துறையினர் பலகையை மேசை மீது வைத்தனர். தாளும் பச்சை மையும் எல்லோர் கண்ணிலும் பட்டன.

வழக்கறிஞர் உடனே எழுந்தார். “இந்த நகலைச் சாட்சியே அலுவலகத்திலிருந்து வாங்கியிருக்கலாமே!”

“இல்லை” என்றேன். “இந்த நகல் எதிர்மனுதாரருக்கு மட்டும் அனுப்பப்பட்டது. அனுப்புகைப் பதிவேட்டில் பிப்ரவரி பத்தாம் தேதி என் கையெழுத்தில் பதிவு உள்ளது. தாள் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கும், அறிவிப்பு ஒட்டப்பட்டதை அவர் அறிந்திருந்தார் என்பதற்கும் அவருடைய எழுத்தே சான்று.”

“எந்த விதியின் கீழ் அனுப்பினீர்கள்?” அவருடைய குரலில் ஆவல் தெரிந்தது.

“எந்த விதியும் இல்லை. சாட்சியின் பெயரையும் இருப்பிடத்தையும் குற்றவாளிகளிடம் சேர்ப்பித்தது நான். பதிவு செய்யக் கோருகிறேன்.”

துணை ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏகாம்பரம், இதன் விளைவு தெரியுமா?”

“தெரியும்.”

சுருக்கெழுத்தர் எழுதினார். ‘குற்றவாளிகளிடம்’ என்பதை ‘எதிர்த்தரப்பினரிடம்’ என்று அவர் மாற்றியிருந்ததைத் திருத்தச் சொன்னேன்.

அறிவிப்பு முறையாகச் சார்பு செய்யப்பட்டது என்று தீர்ப்பு. வழக்கறிஞர் வெளியேறினார். எதிர்மனுதாரர் இன்றியே சாட்சியம் பதிவானது. மலையிலிருந்து வந்திருந்த ஐவர், சடையனோடு வேலை செய்ததைச் சொன்னார்கள்.

படிக்கட்டில் மாரப்பன் என்னருகே நின்றார். “பின்சக்கரம் காத்து நிக்குதா சார்?” என்றார்.

நிற்கிறது என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

நேற்று மாலை 5.50க்கு, சந்தைக்கு அருகே, எண் பலகை இல்லாத கார் என் மொபெட்டைப் பின்னிருந்து இடித்தது. இறங்கியவர்கள் இருவர். இரும்புக் குழாய். இடது முன்கை இரண்டு இடங்களில் முறிந்தது, விலா ஒன்று. சந்தைக்கு வந்தவர்கள் காய்கறிக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு விலகி நின்றதைத் தரையிலிருந்து பார்த்தேன்.

வலது கையை விட்டுவிட்டார்கள். காரணம் தெரியவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும் கை அது என்பதால், அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

உத்தரவு வெளியாயிற்று: சடையன் அந்த ஆலையின் தொழிலாளியே. இயந்திரத்துக்கு முத்திரை. தாக்குதல் வழக்கில் குழந்தைவேலுவும் மகனும் கைதாகிச் சிறையில் உள்ளனர். பலகை நீதிமன்றத்தில் உள்ளது.

வெள்ளையம்மாள் அலுவலகத்துக்கு வந்து உத்தரவை என்னைப் படிக்கச் சொன்னார். ‘தொழிலாளியே’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி அந்த வரியை மட்டும் படிக்கச் சொன்னார். நெற்றியில் சுவர் மோதிய வீக்கம் இன்னும் வடியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

எனக்கு ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-வின் கீழ் குற்றக் குறிப்பாணை. சாட்சியின் விவரங்களை அதிகாரமின்றி வெளிப்படுத்தியமை. கொண்டுவந்தவர் துரைக்கண்ணு. மேசை மீது வைத்துவிட்டு, கையெழுத்து வாங்காமலே திரும்பினார்.

“துரைக்கண்ணு. ஒப்புதல் வாங்காமல் போகிறீர்கள்.”

“நீங்க சீட்டுல இல்லன்னு எழுதிக்கறேன் சார். கதவு பூட்டியிருந்துச்சுன்னு.”

“கொண்டு வாருங்கள்.”

‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதியும் நேரமும் இட்டேன். முற்பகல் 11.05. விளக்கம் அளிக்கப் பதினைந்து நாள். குற்றச்சாட்டு சரியானது என்று அன்றே எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

உத்தரவை ஆலையில் வாங்க எவரும் இல்லை. ஒட்ட வேண்டியதாயிற்று. நான்கு காவலர் உடன் வந்தனர். சாட்சிகளாக வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து இருவரை எழுதிக் கேட்டு அழைத்து வந்திருந்தேன். முகவரி: அலுவலகம்.

புதிய கதவிலும் மாவு. ஒற்றைக் கையால் கோந்து தடவினேன். தாள் நழுவிக் கீழே விழுந்தது. காவலர் ஒருவர் எடுத்துத் தந்தார். மீண்டும் விழுந்தது.

சாலைக்கு அப்பால் பஞ்சர் கடை திறந்திருந்தது. மாரப்பன் முக்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரிச் சக்கரத்தைப் பழனியம்மாள் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூன்றாம் முறையும் விழுந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. பழனியம்மாள் சாலையைக் கடந்து வந்து, கறுத்த கையால் ஒரு டப்பாவைக் கதவின் குறுக்குக் கம்பியில் டங்கென்று வைத்தார். உப்புத்தாளை என் முன்னே போட்டார்.

“முதல்ல தேயுங்க. தடவிட்டு ஊதணும். காய விடணும். அவசரப்பட்டா நிக்காது.”

அவர் சொன்னபடியே செய்தேன். உள்ளங்கையால் அறைந்தேன். நின்றது. அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் திரும்பிச் சென்றார்.

பிற்பகல் 12.10. அறிக்கையை அங்கேயே நிரப்பினேன். ஒன்பதாம் கட்டத்துக்கு வந்தபோது பேனாவை மூடினேன்.

காவலர் எட்டிப் பார்த்து, “ஒண்ணு காலியா இருக்கு சார்” என்றார்.

“ஆம்” என்றேன். நகல் எடுக்கவில்லை.